எடுத்துவிட்டால் தீர்ந்ததா?

லாரி என்ஜினில் ஆயில் கூலர் அடாப்டர் என்று ஒரு பாகம் உண்டு. கதை படிக்க உட்கார்ந்த இடத்தில் இதென்ன பட்டறைப் பேச்சு என்று வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். உள்ளங்கையில் வைத்துப் பார்க்கக்கூடிய அந்த அலுமினியத் துண்டை முன்னிட்டு எழுந்த கேள்வி ஒன்று இன்னும் என்னை விட்டபாடில்லை. அதற்கும் நம் வீட்டுக் கூடத்துக்கும் உள்ள தூரம் மிகவும் குறைவு. ஆனால் அங்கே போவதற்கு முன், அந்தத் துண்டு என்ன காரியம் செய்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

என்ஜினின் அடிவயிற்றில் எண்ணெய் நிற்கிறது. ஒரு பம்பு அதை உறிஞ்சி, பில்டரில் வடிகட்டி, சுழல்கிற உறுப்புகளுக்கெல்லாம் அனுப்புகிறது. எண்ணெய் வழுக்கலுக்காகத்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பாதி உண்மை. ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டர்களைச் சுற்றி ஓடிக் குளிர்விக்கிறதே தவிர, பிஸ்டனின் அடிப்புறத்துக்கோ, கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்குகளுக்கோ அது போய்ச் சேருவதில்லை. அங்கே எழுகிற சூட்டைச் சுமந்துகொண்டு வருவது எண்ணெய்தான். சுமக்கச் சுமக்க எண்ணெயும் சூடாகிறது, சூடானால் நீர்த்துப்போகிறது. தண்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே அது விரித்து வைத்திருக்கும் படலம் தலைமயிரைவிடப் பன்மடங்கு மெல்லியது. அந்தப் படலம் அறுந்தால் உலோகத்தோடு உலோகம் உரசும். பழைய என்ஜின்களில் பேரிங்குக்கு உட்பூச்சாக இட்ட வெள்ளீயம் மிகுந்த உலோகம் சுமார் 240 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கிவிடும். பேரிங் உருகிப்போச்சு என்று டிரைவர்கள் சொல்வது உவமை இல்லை. உள்ளபடியே உருகித்தான் போகிறது.

இதற்காகத்தான் ரேடியேட்டருக்கு முன்னால் சிறிதாக இன்னொரு ரேடியேட்டர் போல ஆயில் கூலரை வைக்கிறார்கள். எண்ணெய் அதற்குள் போய்க் காற்றில் குளிர்ந்து திரும்ப ஒரு வாசல் வேண்டுமல்லவா? என்ஜின் உடலுக்கும் பில்டருக்கும் நடுவே நுழைத்து, உள்ளே துளையுள்ள ஒரு நீண்ட போல்ட்டால் இறுக்கியிருக்கும் அடாப்டர்தான் அந்த வாசல். ஒரு குழாய் வழியே எண்ணெயை அனுப்புகிறது. இன்னொரு குழாய் வழியே வாங்கிக்கொள்கிறது. அது ஆடுவதில்லை, சுழலுவதில்லை, சத்தம் போடுவதில்லை. லாரியை இருபது வருஷம் ஓட்டிய டிரைவருக்குக்கூட அப்படி ஒன்று இருப்பது தெரியாமல் இருக்கலாம். ஒரு நாள் ஒழுக ஆரம்பிக்கும். அன்றைக்குத்தான் தெரியும்.

நாவல் ஒன்றுக்காக நாமக்கல் பக்கத்து லாரிப் பட்டறைகளில் சில நாட்கள் சுற்றிக்கொண்டிருந்தேன். லாரிக்குக் கூண்டு கட்டுவதில் பெயர் வாங்கிய ஊர் அது. முட்டைக்கும் அதே அளவு பெயர். பெங்களூருக்கு முட்டை ஏற்றிக்கொண்டு அன்றிரவு புறப்பட வேண்டிய பழைய லாரி ஒன்று பட்டறைக்கு வந்து நின்றது. அடியில் எண்ணெய் சொட்டிச் சொட்டி மண் கறுத்துவிட்டது. உடைமைக்காரரே டிரைவர், முப்பது வயதிருக்கும். மேஸ்திரி அறுபதைத் தாண்டியவர். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அடாப்டர்" என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொன்னார்.

"ஏனுங் மேஸ்திரி, அதைக் கழட்டி வீசிப்போட்டு பில்டரை நேரா மாட்டினா ஆகாதுங்களா?"

"மாட்டலாங் கண்ணு. ஒழுகறது நின்னுபோகும்."

"அப்புறம் என்னங்க?"

"அது பாத்துக்கிட்டிருந்த வேலையை நாளைக்கு யாரு பாக்கறது?"

மேஸ்திரி அதைத் தத்துவமாகச் சொல்லவில்லை. சம்பளத்துக்கு ஆள் தேடுகிறவர் கேட்பது போலத்தான் கேட்டார். நான்தான் அந்தக் கேள்வியை எடுத்து மடியில் முடிந்துகொண்டேன்.

போல்ட் லேசில் வரவில்லை. எத்தனையோ வருஷச் சூட்டில் அலுமினியமும் இரும்பும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கிடந்தன. முன்பு யாரோ உளியை வைத்துச் சுத்தியலால் அடித்துப் பார்த்த தழும்புகள் அதன் விளிம்பில் இருந்தன. மேஸ்திரி சுத்தியலைத் தொடவே இல்லை. மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து மூட்டில் ஊற்றி இரண்டு மணி நேரம் ஊறவிட்டார். பிறகு ஊற்றியதையும் ஒழுகியதையும் ஒன்றுவிடாமல் துடைத்தெடுத்துவிட்டு, அடாப்டரைச் சுற்றி இதமாகச் சூடு காட்டினார். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு விரியும். விரிகிறபோது பிடி தளரும். ஸ்பேனரின் வாலில் ஒரு குழாயைச் செருகி, மூச்சை அடக்கி ஒரு தள்ளு. "டக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

வெளியே வந்த ரப்பர் வளையத்தை என் கையில் கொடுத்தார். ரப்பர் என்று சொல்லத்தான் வேண்டும். வளையல் துண்டு போல ஒடிந்தது. அதை மாற்றினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் உளித் தழும்பிலிருந்து மயிரிழைபோல ஒரு விரிசல் உள்ளே ஓடியிருந்தது. புதிய அடாப்டர் சேலத்திலிருந்து வர மறுநாள் ஆகும். முட்டை மறுநாள்வரை காத்திருக்காது. விரிசல் விட்டதை மாட்டி அனுப்பினால் நடுவழியில் எண்ணெய் முழுவதும் கொட்டி, என்ஜினே போய்விடும். மேஸ்திரி சிறிது நேரம் பீடி பிடித்தார். பிறகு, இப்போதைக்கு எடுத்துவிடுவது என்று முடிவு செய்தார். தம் கேள்விக்குப் பதில் கிடைத்து அல்ல; வேறு வழி இல்லாமல்.

அதற்குப் பிறகு அவர் செய்தவைதாம் என்னைக் கட்டிப்போட்டன. அடாப்டரைக் கழற்ற ஆன நேரத்தைவிட, கழற்றிய இடத்தை ஒழுங்கு செய்ய அவருக்கு அதிக நேரம் ஆயிற்று. பழைய போல்ட் நீளம். அடாப்டரின் பருமனுக்கும் சேர்த்து அளந்தது. அதையே வைத்துப் பில்டரை மாட்டினால் போல்ட் உள்ளே போய் முட்டும், பில்டர் வாய் சரியாகப் படியாது. தகர டப்பாவைக் கொட்டிக் குட்டை போல்ட் ஒன்றைத் தேடி எடுத்தார். அடுத்தது வால்வு. இந்த என்ஜினில், பில்டர் அழுக்கால் அடைத்துக்கொண்டால் எண்ணெயை வேறு வழியாக விடுகிற வால்வு அடாப்டருக்குள்ளேதான் இருந்தது. அழுக்கு எண்ணெய் கெடுதல்தான்; ஆனால் எண்ணெயே இல்லாமல் போவது மரணம். இதை முன்கூட்டியே யோசித்து, அழுக்கையும் அனுமதிக்கிற ஒரு கதவை வைத்த மனிதனைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். அடாப்டரோடு அந்தக் கதவும் போகிறதென்றால், வால்வு உள்ளேயே அமைந்த பில்டராகப் பார்த்துப் போட வேண்டும். போட்டார். கூலருக்குப் போய்வந்த குழாய்களின் வாய்களை அடைத்துக் கட்டினார். கடைசியாக என்ஜின் முகத்தைத் துணியால் துடைத்து, கண்ணால் பார்த்ததோடு நில்லாமல் நகத்தால் சுற்றிலும் தடவிப் பார்த்தார். பழைய வளையத்தின் துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புது வளையம் உட்கார்ந்துவிட்டால், பட்டறையில் ஒழுகாது; சாலையில் வேகம் எடுத்ததும் பிதுங்கிக்கொண்டு எண்ணெயைச் சில நிமிஷங்களில் கொட்டிவிடும் என்றார்.

எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டுகிற மீட்டரின் கண்ணாடியில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு இழுத்தார். "தொப்பூர் ஏறறப்ப முள்ளு இந்தக் கோட்டுக்குக் கீழ வந்துச்சுன்னா ஓரங்கட்டிரு. எறங்கி ஒரு டீ குடி. எனக்குப் போன் போடு. எந்நேரமா இருந்தாலும் போடு" என்றார். சேலத்தைத் தாண்டித் தருமபுரிப் பக்கம் ஏறுகிற அந்தக் கணவாயில், வேகம் குறைந்து காற்று முகத்தில் அடிக்காமல் என்ஜின் மட்டும் திணறிச் சுழலும்போதுதான் எண்ணெய் கொதிக்கும். எடுத்துவிட்ட பாகம் இல்லாத குறை அங்கேதான் தெரியும். அன்றிரவு அவர் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார். போன் வரவில்லை. வராதது அதிர்ஷ்டமா, அவருடைய நகமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

அந்த இளைஞர் செய்த கணக்கை இப்போது பார்ப்போம். அவர் கண்ணில் பட்டது எண்ணெய்க் கறை ஒன்றுதான். அடாப்டர் இருபது வருஷமாக வாங்கிச் சுமந்த சூட்டுக்குக் கறை இல்லை, சத்தம் இல்லை, ரசீது இல்லை. ஒரு பொருளின் ஊழியம் கண்ணுக்குத் தெரியாது. அதன் குற்றம் தரையில் சொட்டும். ஆகையால் அது குற்றத்தால் மட்டுமே ஆனது என்று நமக்குத் தோன்றிவிடுகிறது. இதில் அந்த இளைஞரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொட்டியது சொட்டியதுதான். கறையைப் பொய் என்று சொல்லிவிட முடியாது.

என் சிறு வயதில் எங்கள் தெருவில் ஒரு கூட்டுக் குடும்பம் இருந்தது. அண்ணன் தம்பி இருவர், அவர்கள் மனைவிமார், குழந்தைகள். இவர்களோடு கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கே வந்துவிட்ட மூத்த சகோதரி. தெருவே அவளை அத்தை என்றுதான் கூப்பிடும். அத்தையின் நாக்கு பிரசித்தம். காலையில் தண்ணீர்க் குடத்தில் தொடங்கினால் இரவு விளக்கணைக்கும் வரை யாரையாவது ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். மனைவிமார் இருவரும் ஒருத்தி கண்ணீரை ஒருத்தி துடைத்துக்கொண்டு, அத்தையைப் பற்றிப் பேசிப் பேசியே உயிர்த் தோழிகள் ஆகிவிட்டார்கள். கடைசியில் எல்லாரும் கூடி யோசித்து, திருச்சியில் வேலையாக இருந்த கடைசித் தம்பியிடம் அவளை அனுப்பி வைத்தார்கள். சண்டையில்லை, புதுப் புடவை எடுத்துக் கொடுத்து, ரயிலேற்றி, கண்ணியமாகத்தான் அனுப்பினார்கள். ஒரு மாதம் அந்த வீட்டில் கோயில் போல அமைதி. இரண்டாவது மாதம் தோழிகள் இருவருக்குள்ளும் முதல் சண்டை. அது வரையில் இருவர் கோபமும் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது, இப்போது இல்லை. வருஷம் திரும்புவதற்குள் கூடத்தின் நடுவே சுவர் எழும்பியது, அடுப்பு இரண்டாயிற்று.

அத்தை நல்லவள் என்று நான் சாதிக்க வரவில்லை. அவள் நாக்கில் பட்ட காயங்கள் உண்மையானவை. சின்னவள் ஒரு தடவை கிணற்றடி வரைக்கும் போய்த் திரும்பினாள். காயம் உண்மையா, ஊழியம் உண்மையா என்று கேட்டால் இரண்டும் உண்மை. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

வீட்டுக் கதை வேண்டாம் என்பவர்களுக்கு வைத்தியத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. திடீரென்று இறந்துபோன குழந்தைகளைப் பரிசோதித்த டாக்டர்கள் அந்தச் சுரப்பி பெரிதாக இருப்பதைக் கண்டார்கள். பெரிது என்று எதை வைத்துச் சொன்னார்கள்? மருத்துவக் கல்லூரிகளுக்குக் கிடைத்த சடலங்களில் பெரும்பாலானவை ஏழைகளுடையவை. நோயிலும் பட்டினியிலும் நாள்பட வாடியவை. அப்படி வாடிய உடலில் தைமஸ் சுருங்கிவிடும். அந்தச் சுருங்கிய அளவையே இயல்பான அளவு என்று பாடம் செய்துகொண்டார்கள். ஆரோக்கியமான குழந்தையின் தைமஸ் அவர்களுக்கு வீக்கமாகத் தெரிந்தது. அது மூச்சுக்குழலை அழுத்திக் கொன்றுவிடும் என்று பயந்து, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் எத்தனையோ சிசுக்களுக்கு எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சி அதைச் சுருக்கினார்கள். அந்தச் சுரப்பிக்கு வேலை ஒன்றும் கிடையாது என்பதுதான் அப்போதைய அபிப்பிராயம். பிற்காலத்தில் அந்தக் குழந்தைகளில் சிலருக்குக் கழுத்தில், தைராய்டு சுரப்பியில், புற்றுநோய் கண்டது. 1961-ல் லண்டனில் ஜாக் மில்லர் என்ற விஞ்ஞானி, பிறந்தவுடனே தைமஸை எடுத்துவிட்ட சுண்டெலிகள் நோயை எதிர்க்கும் திறன் இன்றிப் போவதைக் காட்டினார். உடலின் காவல்படைக்குப் பயிற்சி கொடுக்கிற பாசறையைத்தான் வேலையற்றது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்த டாக்டர்கள் கொடியவர்கள் அல்லர். ஒவ்வொரு தாயும் அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள். அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தெரியாமல் செய்தால் குற்றமில்லை என்று சொல்லிவிட மனம் இடம் கொடுக்கிறதா? எனக்குக் கொடுக்கவில்லை.

ஜி. கே. செஸ்டர்டன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1929-ல் வெளிவந்த தம் புத்தகம் ஒன்றில் இதற்கு ஒரு விதி சொன்னார். சாலையின் குறுக்கே ஒரு வேலி நிற்கிறது. இதனால் என்ன பயன் என்று எனக்குத் தெரியவில்லை, ஆகவே எடுத்துவிடலாம் என்கிறான் சீர்திருத்தக்காரன். தெரியவில்லை என்றால் எடுக்காதே. போய் யோசித்து, அது எதற்காக நிற்கிறது என்று தெரிந்துகொண்டு வா. அப்போது வேண்டுமானால் எடுக்க விடுகிறேன் என்று அவனுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். கேட்கிறபோது மிகவும் நியாயமாகப் படுகிறது. பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து அந்த விதியை நினைத்தபோதுதான் அதன் ஓட்டை எனக்குத் தெரிந்தது. வேலி சாலையின் குறுக்கே சும்மா நிற்கிறது. அது யாரையும் கடிக்கவில்லை. யோசிக்க எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். லாரி அப்படியா? எண்ணெய் கொட்டிக்கொண்டிருக்கிறது, பொழுது சாய்கிறது, முட்டை ஏற்றியாகிவிட்டது. உலகத்தில் எடுக்க வேண்டிய பொருள்களில் பெரும்பாலானவை வேலி மாதிரி இல்லை, ஒழுகுகிற அடாப்டர் மாதிரிதான் இருக்கின்றன. "முதலில் தெரிந்துகொள்" என்ற சொல், ஒழுகலில் நனையாத இடத்தில் நிற்பவனுக்கு மிகவும் சௌகரியமான சொல்.

நம் நாட்டிலேயே இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுகிற வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-ல் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார். அவருடைய தாயாரே அந்த மரபில் பிறந்தவர். அவர் தெரியாமல் பேசவில்லை. எதிர்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? சங்கீதமும் நாட்டியமும் இந்த வழக்கத்தின் மடியில் அல்லவா வளர்கின்றன, இதை எடுத்துவிட்டால் அவை என்ன ஆகும் என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் சுயநலக்காரர்கள் இருந்தார்கள். கலையை உண்மையாகவே நேசித்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் சொன்னது பொய்யும் அல்ல. அந்த வழக்கம் ஒரு பாரத்தைச் சுமந்துகொண்டுதான் இருந்தது. அதற்காக, எட்டு வயதுச் சிறுமியிடம் போய், "உன் வழக்கத்தின் பயன்களை நாங்கள் ஆராய்ந்து முடிக்கும் வரை பொறுத்திரு" என்று சொல்ல முடியுமா? எடுக்கத்தான் வேண்டும். பயன் தெரிந்தாலும் எடுக்கத்தான் வேண்டும். செஸ்டர்டனின் விதி இங்கே நமக்கு வழி காட்டுவதில்லை.

ஆனால் மேஸ்திரியின் கேள்வி அப்படியே நிற்கிறது: அது பார்த்துக்கொண்டிருந்த வேலையை நாளைக்கு யார் பார்ப்பது? 1929-ல், கோயில் ஊழியத்துக்காக அந்தப் பெண்கள் அனுபவித்துவந்த மானிய நிலங்களை ஊழியக் கட்டிலிருந்து விடுவித்து அவர்களுக்கே உரிமையாக்கும் சட்டத் திருத்தம் வந்தது. வழக்கத்தை விட்டு வெளியே வந்த பெண்களுக்குப் போக்கிடம் வேண்டுமென்று முத்துலட்சுமி ரெட்டி 1930-ல் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது 1947-ல். சட்டத்துக்குப் பதினேழு வருஷம் முன்பாகவே சோறும் பாயும் படிப்பும் தயாராகிவிட்டன என்பதை நினைக்கும்போது எனக்கு அந்த அம்மாளிடம் பக்தியே உண்டாகிறது. குட்டை போல்ட்டைத் தேடி எடுக்கிற கை அது.

அப்படியும் ஓர் இடம் விட்டுப்போயிற்று. நாட்டியம் புது மேடைகளுக்கு ஏறியது, புதுக் குடும்பங்களுக்குப் போயிற்று, புகழ் பெற்றது. தலைமுறை தலைமுறையாக அதைக் காப்பாற்றிவந்த வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த மேடையில் இடமில்லை. பாலசரஸ்வதியைப் போல விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் தங்கள் மேதையின் பலத்தால் நின்றார்கள். மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்க்க அங்கே எந்த மீட்டரிலும் சிவப்புக் கோடு இழுத்து வைக்கவில்லை. எந்நேரமானாலும் போன் போடு என்று சொல்லவும் ஆளில்லை. இதைச் சொல்வதால் ஒழித்தது தவறு என்று ஆகாது. ஒழித்ததோடு காரியம் முடிந்துவிட்டதாகக் கைகழுவினோமே, அதைத்தான் சொல்கிறேன்.

ஆக, எடுக்கலாமா கூடாதா என்பதைவிட, எடுத்தவன் எதற்குக் கட்டுப்பட்டவன் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வியாகப் படுகிறது. எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு செயல்படுவது மனிதனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. தைமஸைச் சுருக்கிய டாக்டர்கள் அது என்ன செய்கிறது என்பதை அன்று தெரிந்துகொண்டிருக்க முடியாது. ஆனால் கதிர் பாய்ச்சிய குழந்தைகளின் பெயரை எழுதிவைத்து, ஐந்து வயதில், பத்து வயதில், இருபது வயதில் கூப்பிட்டுப் பார்ப்பது அவர்களால் முடிந்திருக்கும். தெரியாமை அவர்கள் கையில் இல்லை. திரும்பிப் பார்ப்பது கையில் இருந்தது. பழைய வளையத்தின் துணுக்கு மேஸ்திரியின் கண்ணுக்கும் தெரியவில்லை. அதனால்தான் நகத்தால் தடவினார்.

இத்தனை சொன்ன பிறகும் ஒரு வித்தியாசத்தை விட்டுவிட்டேன் என்று வாசகர்கள் கேட்கலாம். அடாப்டருக்கு வாயில்லை. தைமஸ் பேசாது. அவை என்ன வேலை செய்கின்றன என்பதை நாமாகத்தான் ஊகிக்க வேண்டும். மனிதர்கள் விஷயத்தில் அந்தக் கஷ்டம் இல்லையே, கேட்டால் சொல்லமாட்டார்களா? சொல்வார்கள்தான். ஆனால் ஒரே குரலில் சொல்லமாட்டார்கள். தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள், திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பியவர், அந்த மசோதாவை எதிர்த்தார். தங்களைக் கேட்காமல் தங்கள் வாழ்வைத் தீர்மானிக்கிறார்களே என்ற ஆற்றாமை அந்தப் பெண்களில் பலருக்கு இருந்தது. அதே மரபில் வளர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரோ வழக்கத்தை வேரோடு பிடுங்க வேண்டுமென்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1936-ல் அதையே நாவலாகவும் எழுதி வெளியிட்டார். கேட்டிருந்தால் இரண்டும் காதில் விழுந்திருக்கும். தீர்மானம் மாறியிருக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தெந்தக் குழாயின் வாயை அடைத்துக் கட்ட வேண்டும் என்பதாவது தெரிந்திருக்கும்.

எங்கள் தெரு அத்தையை யாரும் கேட்கவில்லை. குடும்பம் கூடிப் பேசிய அன்று அவளைப் பூப்பறிக்க அனுப்பிவிட்டார்கள். திருச்சிக்குப் புறப்படுகிற அன்று காலை, தயிருக்கு உறை வாங்குகிற சாக்கில் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு வந்து என் அம்மாவிடம் இரண்டு நிமிஷம் பேசிவிட்டுப் போனாள். என்ன பேசினாள் என்பதை, கூடத்தில் சுவர் எழும்பிய பிறகுதான் அம்மா சொன்னாள்.

"பெரியவளுக்கும் சின்னவளுக்கும் வந்த நாளிலிருந்தே ஒத்துக்காது அம்மாடி. ஒருத்தி கை வீசினா இன்னொருத்திக்கு ஆகாது. அதுக்காகத்தான், அவங்க முகம் ரெண்டும் ஒரு மாதிரி இருக்கிற அன்னிக்கு, குழம்பிலே ஒரு கல் உப்பைக் கூடப் போட்டுடுவேன். ரெண்டு பேரும் என்மேலே பாஞ்சுடுவாங்க. ராத்திரி ஒண்ணா உட்காந்து சாப்பிடுவாங்க. இனிமே யார் போடப் போறாங்களோ, தெரியலே. நீ கொஞ்சம் எட்டிப் பார்த்துக்கோ."